சாம்பல் உரம்தான், மண் தங்க வேண்டுமே!

கேள்வி: போடி அருகே மலையடிவாரத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்கு மேலே உள்ள சரிவு இந்தக் கோடையில் எரிந்துவிட்டது. ‘சாம்பல் இறங்கினால் நிலத்துக்கு நல்லதுதானே’ என்கிறார், தோப்பைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பா. எனக்கோ கிணற்றை நினைத்தால் கவலையாக இருக்கிறது. மழைக்கு முன் என்ன செய்யலாம்?
- வாசகி, மயிலாப்பூர், சென்னை.

பதில்: சித்தப்பா சொல்வது பாதி சரி. சாம்பலில் சாம்பல் சத்து, சுண்ணாம்புச் சத்து, ஓரளவு மணிச்சத்து உண்டு. ஆனால், எரிந்த தழையிலிருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். மிஞ்சிய சாம்பலும் மேலாகத்தான் கிடக்கும். ஒரு கனமழை போதும், மேல்மண்ணையும் சேர்த்துக்கொண்டு ஓடைக்கு வந்துவிடும்.

இன்னொரு பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. சருகு எரியும்போது அதிலுள்ள மெழுகு போன்ற பொருள்கள் ஆவியாகி, கீழே சூடு குறைவான மண் துகள்களில் படிகின்றன. அந்த மண்ணில் தண்ணீர் எளிதில் இறங்காது. மழை ஊற்றாக மாறாமல் வெள்ளமாக ஓடும். கிணற்றில் ஊறுவது குறையும். வண்டல் மட்டும் சேரும்.

எல்லாத் தீயும் ஒன்றல்ல. புல்லில் வேகமாகக் கடந்த தீ மண்ணை அவ்வளவாகச் சுடாது. கட்டைகள் நின்று எரிந்த இடத்தில் மண் செங்கல் நிறமாகியிருக்கும். அங்கேதான் சேதம் அதிகம். சாம்பலை ஒதுக்கிவிட்டு, மண்ணில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். ஓர் அங்குலம் தோண்டியும் பாருங்கள். 5 விநாடிக்கு மேல் முத்தாக நின்றால், மண் நீரைத் தள்ளுகிறது என்று பொருள். பெரும்பாலும் சில மழைக்காலங்களில் இது சரியாகிவிடும். அதுவரை மண்ணைக் காப்பதே வேலை.

செய்ய வேண்டியவை:

1. உங்கள் பட்டா நிலத்தின் மேல் எல்லையில், சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு போடுங்கள். காய்ந்த ஓலை, தேங்காய் மட்டைகளையும் வரிசையாக அடுக்கலாம். வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் எதுவும் செய்யக் கூடாது.

2. ஓடை நீர் கிணற்றை நெருங்கும் முன் ஒரு வண்டல் குழி வெட்டுங்கள். முதல் வெள்ளத்தைக் கிணற்றில் விடாமல் திருப்பிவிடுங்கள். கலங்கிய நீரைக் குடிக்க வேண்டாம்.

3. சரிவில் உழ வேண்டாம். முதல் மழை ஈரத்தில் கொள்ளு அல்லது சணப்பு விதையுங்கள். வரப்பில் வெட்டிவேர் நடுங்கள்.

4. தோப்புக் கழிவுகளை எரிக்காதீர்கள். அடுத்த தை மாதத்துக்குள் மலையை ஒட்டிய எல்லையில் சருகு, புல் இல்லாமல் செதுக்கி, தீத்தடுப்புப் பாதை அமையுங்கள்.

2018 மார்ச் 11 அன்று உங்கள் பக்கத்துக் குரங்கணி மலையில் மூண்ட தீயில், மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அந்த மலைகளில் பெய்யும் மழைதான் கொட்டகுடி ஆறாக ஓடி வைகையில் சேர்கிறது. மேலே எரிந்த சரிவின் கணக்கு, கீழே உள்ள கிணறுகளிலும் கண்மாய்களிலும்தான் தீரும். சித்தப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். சாம்பல் வரட்டும் என்று காத்திராமல், கோடை மழைக்கு முன்பே வரப்பைப் போடச் சொல்லுங்கள்.