தீர்த்த மகிமை: தும்புரு தீர்த்தம்

திருமலைக்குச் செல்லும் அன்பர்களில் பெரும்பாலோர் சுவாமி புஷ்கரிணியில் நீராடி, ஏழுமலையானைத் தரிசித்து, ஆகாச கங்கையையும் பாபவிநாசத்தையும் கண்டு இல்லம் திரும்புவர். பேருந்து செல்லும் வழி பாபவிநாசத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் வேங்கடமலையின் தீர்த்தங்கள் அங்கே முடிந்துவிடுவதில்லை. அவ்விடத்து அணையைக் கடந்து, காட்டுப் பாதையில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நடந்தால் தும்புரு தீர்த்தத்தை அடையலாம்.

பாறைகளில் ஏறியும் இறங்கியும், ஓடையைத் தொடர்ந்தும் கடந்தும் செல்லும் வழி அது. முடிவில் மலையே இரண்டாகப் பிளந்து நிற்பதுபோல் இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் எழுகின்றன. நடுவே தண்ணீர் ஓடுகிறது. அந்த நீரிலேயே நடந்து உள்ளே சென்றால், வெயிலும் எளிதில் எட்டாத இடத்தில் அருவி வீழ்கிறது.

அடர்ந்த வனமாதலால் ஆண்டு முழுவதும் இங்கே செல்ல இயலாது. பங்குனிப் பௌர்ணமியையொட்டி நடைபெறும் 'தும்புரு தீர்த்த முக்கோடி'யின்போதே பக்தர்கள் அனுமதிக்கப்படுகின்றனர். வழியில் அன்னமும் குடிநீரும் வழங்கப்படும்.

இத்தீர்த்தத்துக்கு உரிய புராண வரலாறு உருக்கமானது. மாக மாத நீராடலுக்கு மறுத்த மனைவியைத் தும்புரு என்னும் கந்தர்வன் தவளையாகும்படி சபித்தான். அவள் இத்தீர்த்தக் கரையில் ஓர் அரசமரப் பொந்தில் நெடுங்காலம் கிடந்தாள். ஒருநாள் அகத்திய முனிவர் சீடர்களுடன் அங்கே வந்து நீராடி, மரத்தடியில் அமர்ந்து தீர்த்தத்தின் பெருமையை எடுத்துரைத்தார். பொந்திலிருந்து அதைக் கேட்ட அவள் சாபம் நீங்கித் தன் உருவம் பெற்றாள்.

பதினெட்டாம் நூற்றாண்டில், இளமையிலேயே கணவரை இழந்து ஊராரின் ஏச்சுக்கு ஆளான தரிகொண்ட வெங்கமாம்பாளும் இம்மலைப் பிளவின் குகையிலே தவமிருந்தார் என்பது மரபு. இன்றும் ஏழுமலையானின் ஏகாந்த சேவையில் அவர் பெயரால் முத்து ஆரத்தி நடைபெறுகிறது. திருமலையின் பெரிய அன்னதானக் கூடமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இருதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த நடையைத் தவிர்க்குமாறு தேவஸ்தானம் கேட்டுக்கொள்கிறது. முதிய அன்பர்கள் அந்தச் சொல்லை மதிப்பதே நன்று. ஆசை பெரிதாக இருக்கலாம். வழுக்குப் பாறையில் தவறி விழுந்தவரைத் தூக்கி வர அங்கே ஊர்தி செல்ல வழியில்லை.

இதில் மனக்குறை கொள்ள வேண்டியதில்லை. கந்தர்வனின் மனைவி அன்று மலை ஏறவுமில்லை, அருவியில் மூழ்கவுமில்லை. இருந்த இடத்திலிருந்தே செவிமடுத்தாள்; அதுவே அவளைக் கரையேற்றியது. கால்கள் ஓய்ந்தவர்கள் பங்குனிப் பௌர்ணமியன்று வீட்டிலேயே நீராடி, வேங்கடவனை நினைத்து, இத்தீர்த்தத்தின் கதையைப் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லட்டும். கேட்கும் பேறு அந்தக் குழந்தைகளுக்கும் கிட்டும்.