குள்ளர்களின் வீட்டுமொழி

சிறுவர் மாயக்கதைகளில் யூதச் சாயல் தேடுவோரை வேலையற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. டோல்கீன் விஷயத்தில் அந்த வசதி நமக்கில்லை. 'ஹாபிட்' (1937) நாவலின் குள்ளர்களை யூதர்களைப் போன்றவர்களாகவே தாம் எண்ணுவதாக 1955-ல் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். வாழும் ஊருக்கு உரியவர்களாகவும் அயலாராகவும் ஒருங்கே இருப்பவர்கள். ஊர்மொழியைப் பேசும்போதும் தங்கள் சொந்த மொழியின் வாடை வீசுபவர்கள். குள்ளர்களின் குஸ்துல் மொழியை எபிரேயம், அரபு போல மெய்யொலி வேர்களிலிருந்து சொற்கள் கிளைக்கும்படி அவர் அமைத்ததும் தற்செயலன்று.

யூதர் ஒருவரையும் நேரில் பார்த்திராத தமிழ் வாசகர் இதை எப்படி உணர்வது? காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களை நினைத்துக்கொள்ளலாம் என்பேன். அங்கே செங்குந்தரோடு தேவாங்கரும் பத்மசாலியரும் தலைமுறைகளாகப் பட்டு நெய்கிறார்கள். கடைத்தெருவில், கோயிலில், கூட்டுறவுச் சங்கத்தில் தமிழ். வீட்டுக்குள் பலருக்குத் தெலுங்கோ கன்னடமோ. வரதராஜர் கருடசேவைக் கூட்டத்தில் யார் எந்த மொழிக்காரர் என்று பிரித்தறிய இயலாது. இவ்வாழ்வு நம் இலக்கியத்துக்குப் புதிதுமன்று. இன்னொரு பட்டு ஊரான கும்பகோணத்தில், சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகக் கொண்டு ஜரிகை வணிகமும் செய்த எம்.வி. வெங்கட்ராம்தான் நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ' நாவலாக்கினார்.

இனி, சங்கடமான இடம். குள்ளர்களின் பொன்னாசை. புதையலைக் கண்டதும் தோரின் நிதானம் இழப்பதைப் படிக்கையில், ஐரோப்பா யூதர்மீது சுமத்திய பழைய அவதூறு நினைவுக்கு வராமல் இருக்காது. டோல்கீன் பக்தர்கள் உடனே 1938-ஐக் காட்டுவார்கள்: நீர் ஆரிய வம்சமா என்று ஜெர்மானியப் பதிப்பகம் கேட்டபோது, அந்தத் திறன்மிக்க யூத இனத்தில் தமக்கு முன்னோர் இல்லாமற்போனதற்கு வருந்துவதாக அவர் மறுமொழி வரைந்தார். அது அவர் மனத்துக்குச் சான்று. கதைக்குள் நுழைந்துவிட்ட அவதூறுக்குப் பரிகாரமாகாது.

பரிகாரம் வேறிடத்தில் இருக்கிறது. அசல் ஜரிகை என்பது பட்டிழையில் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோர்வை போடுகிறவரின் விரல்களில் அது நாள் முழுதும் புரள்கிறது. சேலை அவருடையதன்று, கூலிதான் அவருடையது. வெளியே நிற்பவர் கண்ணுக்குப் பொன் தெரியும். தறியில் இருப்பவருக்குத் தெரிவது இழை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954-55) எழுதும்போது டோல்கீன் தறிப்பக்கம் வந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. அதில் ஒளிரும் குகைகளைக் கண்டு சொக்கிப்போகும் கிம்லி, எந்தக் குள்ளனும் இவற்றைப் பொன்னுக்காகவோ மணிக்காகவோ வெட்டமாட்டான், பூஞ்சோலையைப் போலப் பேணுவான் என்று நண்பனிடம் விளக்குகிறான். யூதச் சாயலை நான் தேடுவது இந்தக் கிம்லியிடம்தான், தோரினின் புதையல் அறையில் அல்ல.

இக்கதைகளைத் தமிழில் பெயர்ப்பவர் குள்ளர்களின் பேச்சுக்கு ஓர் அயல்வாடை தர நேரும். நம் சினிமா நகைச்சுவைக்காரர்கள் தெலுங்கர் வாயில் திணிக்கும் தமிழை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.