கவுன்சிலிங் போறவங்க முதல் நாளே ஏன் திரும்பிடறாங்க?

கவுன்சிலிங் என்ற சொல்லுக்கு நம்ம ஊரில் ரொம்ப நாளாக ஒரே அர்த்தம்தான். பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கட்-ஆஃப் கணக்குப் போட்டு, இன்ஜினியரிங் சீட்டுக்குக் காத்திருப்பது. இப்போது அதே சொல் வேறு இடத்திலும் போர்டாகத் தொங்குகிறது. அண்ணா நகர், வேளச்சேரி மட்டுமில்லை. கோவை, திருச்சி, மதுரையிலும் மருந்துக்கடைக்கு மேல் மாடிப்படி ஏறினால் ஒரு கவுன்சிலிங் சென்டர் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் படியை ஒரு தடவை ஏறியவர்களில் பலர் இரண்டாம் தடவை ஏறுவதில்லை. ஏன் என்று கேட்டால் வருகிற பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்: "ஒரு மணி நேரம் கேள்வியா கேட்டாங்க, ஒண்ணுமே சொல்லல, ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிட்டாங்க."

இதில் தப்பு போனவர் மேல் இல்லை. என்ன நடக்கும் என்று அவருக்கு யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு வாஷிங் மெஷின் வாங்கினால்கூட ஆள் வந்து டெமோ காட்டிவிட்டுப் போகிறார். மனசைத் திறந்து காட்டச் சொல்கிற இடத்தில் ஒரு பக்க விளக்கத் தாள்கூடக் கிடையாது என்றால் அது எப்படி நியாயம்?

இது சின்ன விஷயமில்லை. 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலப் பிரச்சினை இருப்பவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை என்று சொன்னது. அதாவது படி ஏறுகிறவர்களே கொஞ்சம் பேர். வீட்டுக்குத் தெரியாமல், 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்ற கிண்டலுக்குப் பயந்து, ஆறு மாதம் யோசித்து ஏறியவர் முதல் நாளே வெறுத்துப் போய்த் திரும்பினால், அடுத்த முறை யோசிக்க அவருக்கு ஆறு வருடம் ஆகும்.

சரி, போகிறவர் மனதில் என்ன எதிர்பார்ப்பு இருக்கிறது? நம்ம ஊரில் கஷ்டம் என்றால் போய் நிற்க ஏற்கெனவே மூன்று இடங்கள் உண்டு. ஒன்று டாக்டர். ஐந்து நிமிஷம் பார்ப்பார், சீட்டு எழுதுவார், முடிந்தது. இரண்டு ஜோசியர். அவர் எதுவுமே கேட்கமாட்டார், எல்லாவற்றையும் அவரே சொல்வார். (அதுதான் அவர் திறமைக்கே அத்தாட்சி!) மூன்று, வீட்டுப் பெரியவர். அவர் கேட்கவும் மாட்டார், கேட்காமலே அட்வைஸ் வரும். இந்த மூன்றையும் பார்த்துப் பழகியவர் போய் உட்காருகிற நாலாவது நாற்காலி இது. இங்கே எதிரில் இருப்பவர் எல்லாவற்றையும் கேட்கிறார், எதையும் சொல்வதில்லை. போதாததற்கு சினிமா வேறு. 2005-ல் வந்த சந்திரமுகியில் மனநல டாக்டர் ஒரே ராத்திரியில் ஒரு நாடகம் நடத்திக் குணப்படுத்திவிடுகிறார். அதையெல்லாம் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம் வராமல் என்ன செய்யும்!

ஒரு இருபத்தாறு வயது இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி. கம்பெனி, நைட் ஷிப்ட், மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்தாகிவிட்டது, நார்மல். கடைசியில் ஒரு உளவியலாளரிடம் நேரம் வாங்கிப் போகிறார். முதலில் ஒரு படிவம். பெயர், வயது, யார் யார் வீட்டில், ஏற்கெனவே என்ன மாத்திரை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. அப்புறம் ஒருவேளை ஒரு கேள்வித்தாள். உலகம் முழுக்கப் பயன்படுவது பி.எச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. இதில் மார்க் கூடினால் பெருமை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 10-க்கு மேல் போனால் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். ஆனால் அந்த மதிப்பெண்ணே நோய் என்று அர்த்தமில்லை, அது ஒரு அளவுகோல் மட்டும்தான்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. பலர் இங்கே பொய் டிக் அடிக்கிறார்கள். 'ஆமாம்' என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள், வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அப்படி நடப்பதில்லை. எவ்வளவு நாளாக, எவ்வளவு தீவிரமாக, ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்பார்கள். உயிருக்கு நிஜமான ஆபத்து தெரிந்தால்தான் அடுத்த கட்டம். அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்வதற்காகத்தான் பணமே கொடுக்கிறோம் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

மீதி நேரம் முழுக்கக் கேள்விகள்தான். எப்போது ஆரம்பித்தது, அப்போது வீட்டில் என்ன நடந்தது, சின்ன வயதில் எப்படி. நாற்பத்தைந்து, ஐம்பது நிமிடத்தில் மணி பார்ப்பார்கள். சாய்ந்து படுக்கிற சோபா எல்லாம் கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலிதான். பக்கத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. முதல் நாள் என்பது சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று ஸ்டாக் எடுப்பது மாதிரி. அன்றைக்கே வியாபாரம் நடக்காது. இந்த ஒரு வரியை ரிசப்ஷனில் எழுதி மாட்டினாலே பாதிப் பேர் திரும்பி வருவார்கள்.

இரண்டு மூன்று தடவைக்குப் பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய அறிதிறன் நடத்தை சிகிச்சையை, சி.பி.டி. என்பதை, நம்ம ஊரிலும் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். இதில் வீட்டுப்பாடம் உண்டு. ஒரு நோட்டில் மூன்று பத்தி: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், எப்படி இருந்தது. மேனேஜர் குட் மார்னிங்குக்குப் பதில் சொல்லவில்லை. அது நடந்தது. வேலை போகப்போகிறது. இது நினைத்தது. ராத்திரி தூக்கம் இல்லை, படபடப்பு. பி.காம். படித்தவர்களுக்கு இது ஜர்னல் என்ட்ரி மாதிரி. அன்றன்றைக்கு எழுதினால்தான் பிரயோஜனம். வருஷக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் டேலி ஆகாது. நோட்டில் பதினைந்து நாள் சேர்ந்த பிறகு பார்த்தால், நடந்ததற்கும் நினைத்ததற்கும் நடுவில் எவ்வளவு பெரிய தாவல் என்று அவருக்கே தெரியும். சி.பி.டி. பெரும்பாலும் ஆறிலிருந்து இருபது அமர்வுக்குள் முடிகிறது. வேறு வகைச் சிகிச்சைகள் வருடக்கணக்கிலும் போகும். எந்த வகை, ஏறக்குறைய எத்தனை தடவை என்று முதல் நாளே கேட்கலாம். கேட்கவேண்டும்.

நடுவில் ஒரு கட்டம் வரும். புதைத்து வைத்ததைக் கிளறியதால், போனதற்கு முன் இருந்ததைவிட மனசு கனமாக இருக்கும். பலர் கழன்றுகொள்வது இங்கேதான். அதை அப்படியே எதிரில் இருப்பவரிடம் சொல்வதுதான் சரி. வாரக்கணக்கில் அது குறையவே இல்லை என்றால் அதுவும் பேசவேண்டிய விஷயம்.

மொழி ஒரு பெரிய சிக்கல். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. படிப்பு இங்கிலீஷில், புத்தகம் இங்கிலீஷில். 'மன அழுத்தம்' என்று தமிழில் சொன்னால் அது வேலைப் பளுவால் வரும் டென்ஷனா, மாதக்கணக்கில் எழுந்திருக்கவே முடியாத மனச்சோர்வா என்று தெளிவில்லை. பத்திரிகைகள் இரண்டுக்கும் அதையே எழுதுகின்றன. வருகிறவரோ இந்த இரண்டையும் சொல்வதில்லை. "மனசே சரியில்ல", "தலை பாரமா இருக்கு", "கை கால் ஓடல" என்றுதான் சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டு பேசத் தெரிந்தவர்தான் நல்ல ஆள். அரைகுறை இங்கிலீஷில் அழக்கூட வராது. தமிழில் பேசலாமா என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இனி பணம். பெருநகரங்களில் ஒரு அமர்வு பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம், அதற்கு மேலும் உண்டு. 1,200 ரூபாய் என்றால் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரத்துக்கு 14,400. பலருக்கு இது ஒரு மாதச் சம்பளம். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றால், சட்டப்படி இருக்கத்தான் செய்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அதே ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன. வாரம் ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதற்குப் படுக்கை எதற்கு? ஆக, சமத்துவம் காகிதத்தில் இருக்கிறது, பில் கையில் இருக்கிறது. புறநோயாளிச் செலவும் சேர்ந்த பாலிசிகள் உண்டு, அதில் உளவியலாளர் கட்டணம் வருமா என்று கேட்டு வாங்கவேண்டும்.

பத்து அமர்வு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் நாளே அதற்குத் தலையாட்டக்கூடாது. ஆள் ஒத்துவரவில்லை என்று மூன்றாம் வாரம் தெரிந்தாலும், கட்டின பணத்துக்காகவே மீதி ஏழுக்கும் போய் உட்காருவார்கள். போன காசு போனதுதான், அதைக் காரணமாக வைத்து அடுத்த முடிவு எடுக்காதே என்று காஸ்ட் அக்கவுண்டிங்கில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். சிகிச்சை பலிப்பதில் அந்த இருவருக்கும் நடுவிலுள்ள நம்பிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு என்று பல வருட ஆய்வுகள் சொல்கின்றன. ஒத்துவராத ஆளை மாற்றுவது துரோகம் இல்லை. ரசீது கேட்பதும், எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னால் கேன்சல் கட்டணம் இல்லை என்று கேட்பதும் மரியாதைக் குறைவு இல்லை.

யாரிடம் போகிறோம் என்பது அடுத்தது. மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு மேலே படித்தவர். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள 1992 சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். எண் கேட்டால் சொல்வார்கள். ஆனால் வெறும் 'கவுன்சிலர்' என்று போர்டு மாட்ட யாரும் யாரையும் கேட்பதில்லை. முறையாக எம்.எஸ்சி. உளவியல் முடித்து நன்றாகச் செய்கிறவர்கள் இதில் நிறைய. மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியவர்களும் உண்டு. இவர்கள் மேல் புகார் என்றால் எந்தக் கதவைத் தட்டுவது? அரசு இதை இன்னும் இறுக்கவேண்டும்.

சொன்னது வெளியே போகுமா? சின்ன ஊரில் இதுதான் முதல் பயம். கவுன்சிலரின் மாமியாருக்குப் பெரியம்மாவைத் தெரியும் என்கிற ரகம். 2017 சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. விதிவிலக்குகளும் உண்டு: உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு. குழந்தை மீதான பாலியல் கொடுமை தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் உள்ளே வருவார்கள். மற்றபடி, அம்மாவே போன் பண்ணிக் கேட்டாலும் "அவங்ககிட்டயே கேட்டுக்கங்கம்மா" என்று சொல்கிறவர்தான் தொழில் தெரிந்தவர். (வீடியோ அழைப்பில் பேசுகிறவர்களுக்கு ரகசியத்தின் எதிரி கவுன்சிலர் இல்லை, இரண்டு அறை வீடுதான். அதனால்தான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இவ்வளவு பேர் ஹெட்போனோடு நிற்கிறார்கள்.)

கல்யாணம் பண்ணிக்கொண்டால் சரியாகிவிடும் என்கிறவர், சாதி என்ன என்று சுற்றி வளைத்துக் கேட்கிறவர், தன் குடும்பக் கதையை அரை மணி நேரம் சொல்கிறவர், தன் பாலின ஈர்ப்பை 'மாற்றித் தருகிறேன்' என்கிறவர்: இந்த நாலு பேரிடமிருந்தும் எழுந்து வந்துவிடலாம். கடைசியாகச் சொன்னதை சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடையே செய்துவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, முதலில் ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். உயர் நீதிமன்ற நீதிபதியே ஏறிய படி அது. மற்றவர்களுக்கு என்ன கூச்சம்?

பணம் இல்லாதவர்களுக்கு வழி அடைபடவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. கூட்டம் அதிகம், நேரம் குறைவு, அதற்குத் தயாராகப் போகவேண்டும். 1794-ல் ஆரம்பித்த கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் புறநோயாளிப் பிரிவு உண்டு, போகிறவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள்தான். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தனியாரிடம் போய்க்கொண்டிருந்து நிறுத்த நினைக்கிறவர்கள், போன் எடுக்காமல் மறைந்துவிடாமல், கடைசியாக ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு நிறுத்துவது நல்லது. எது உதவியது, திரும்ப வந்தால் என்ன அறிகுறி பார்க்கவேண்டும் என்று அந்த ஒரு மணி நேரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தால் அதை மட்டும் தானாக நிறுத்தவே கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டுத்தான்.