வக்காலத்தில் கையெழுத்திடும் முன்

மருத்துவமனையிலிருந்து தன் நோய் விவரம் வெளியே போய்விட்டது என்று வருகிறவர் பெயர்பெற்ற வழக்கறிஞரைத் தேடுகிறார். அவருக்குத் தேவை, மனுவில் எதை எழுதாமல் விடவேண்டும் என்று அறிந்த வழக்கறிஞர். 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘திரு. எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்’ வழக்கைப் பாருங்கள். சென்னையில் ரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்ஐவி தொற்று இருப்பது தெரிந்து, செய்தி கசிந்து, நிச்சயமான திருமணம் நின்றது. நஷ்டஈடு கேட்டுப் போனவரை, உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் எடுத்த எடுப்பிலேயே திருப்பி அனுப்பியது. அவர் தரப்போ அங்கே போகாமல் மேல்முறையீடு செய்தது. யார், யாரிடம், எப்போது சொன்னார்கள் என்று ஒரு சாட்சிகூடக் கூண்டேறாமல் வழக்கு தோற்றது. நோய் குணமாகும்வரை அவருடைய திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது என்ற கருத்தும் தீர்ப்பில் சேர்ந்தது. அந்தக் கருத்து தேவையற்றது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்ல 2002 டிசம்பர் ஆயிற்று. பெயரை ‘எக்ஸ்’ என்று மறைத்தார்கள், சரி. அவர் எந்த மாநிலத்தில் என்ன பதவியில் இருந்தார், திருமணம் எந்தத் தேதிக்குக் குறித்திருந்தது என்பதெல்லாம் தீர்ப்பின் தொடக்கத்திலேயே கிடக்கின்றன. தெரிந்தவர் படித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். (அவற்றை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை.)

இன்று எச்ஐவி வழக்குகளில் பெயரை மறைத்து விசாரிக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. காசநோய்க்கோ கருக்கலைப்புக்கோ நுகர்வோர் ஆணையத்தில் அப்படித் தனிப் பிரிவு இல்லை. புகாரோடு சேர்த்தே இடைக்கால மனு போட்டுக் கேட்கவேண்டும். உத்தரவு இணையத்தில் ஏறிய பிறகு கேட்டு என்ன பயன்? நீதி திறந்த மன்றத்தில் நடக்கவேண்டும், எதிர்த்தரப்புக்குத் தன்னைக் குற்றம்சாட்டுவது யாரென்று தெரியவேண்டாமா என்று கேட்கலாம். தெரியவேண்டும்தான். பெயரும் நோயும் உறையிட்ட இணைப்பில் மருத்துவமனைக்குப் போகட்டும். வழக்குத் தலைப்பிலும் சுவரில் ஒட்டும் பட்டியலிலும் வரவேண்டிய அவசியம் என்ன?

அத்திப்பட்டு வட்டாரத்தில் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. அனல்மின் நிலையத்திலோ துறைமுகத்திலோ ஒப்பந்த வேலை பார்ப்பவரின் ரத்தப் பரிசோதனை முடிவு அவருக்கு வருமுன் ஒப்பந்தக்காரரின் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டியது கம்பெனி, இவர் எங்கள் நுகர்வோரே அல்ல என்று ஆய்வகம் வாதிடும். சேவையின் பயனாளியும் நுகர்வோர்தான் என்று பதில் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். கசிந்தது இஎஸ்ஐ மருத்துவமனையிலிருந்து என்றால், அங்கே சிகிச்சை பெறும் தொழிலாளியும் நுகர்வோரே என்ற 2007-ஆம் ஆண்டு கிஷோர் லால் தீர்ப்பு கையில் இருக்கிறது. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் அந்த வழி அடைபடும்; அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி தீர்ப்பை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடவேண்டும். ஆக, எந்த மன்றம் என்பது முடிவான பிறகே எந்த வழக்கறிஞர் என்ற பேச்சு. நுகர்வோர் புகாருக்குக் கெடு இரண்டே ஆண்டு. புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரட்டும் என்று காத்திருப்பதும் வீண்: அதில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் பணம் அரசுக் கணக்குக்குத்தான் போகும். அது முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, நஷ்டஈடு கேட்க வழிசெய்யும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவும் நீங்கிவிடும்.

பக்கத்துப் பொன்னேரியில் இதற்கெல்லாம் நிபுணர் ஏது என்பார்கள். இணையப் பட்டியல்களில் தேடுவதற்கில்லை; வழக்கறிஞர்களைத் தரவரிசைப்படுத்தி ஆள்பிடிக்கும் தளங்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகவே தீர்ப்பளித்தது. ஆனால் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தொழிற்சாலைத் தொழிலாளரையும் பெண்களையும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவிக்கு உரியவர்களாக்குகிறது என்பதை நம்மில் பலரே கட்சிக்காரரிடம் சொல்வதில்லை. வட்ட சட்டப் பணிகள் குழு தரும் வழக்கறிஞர் தரம் குறைந்தவர் என்ற எண்ணம் ஒரு காரணம். இந்த வகை வழக்கில் அந்த வழக்கறிஞருக்கு ஒரு சாதகம்கூட உண்டு: எதிர்த்தரப்போடு அவருக்குத் தொழில் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு. தொழிற்பேட்டையில் தொழிலாளர் சட்டம் நன்றாகத் தெரிந்தவர்கள் சிலர் ஏதாவது ஒரு கம்பெனிக்கோ மருத்துவமனைக்கோ மாதக் கட்டணத்தில் ஆலோசகராகவும் இருக்கலாம். கட்சிக்காரர் தன் கோப்பை மேசைமேல் வைக்கும் முன், எதிர்த்தரப்பின் பெயரை மட்டும் சொல்லி, இவர்களோடு உங்களுக்குத் தொழில் தொடர்பு உண்டா என்று கேட்கட்டும். பதிலை எழுத்தில் தரத் தயங்குகிறவரிடம் பரிசோதனைத் தாளைக் காட்டவேண்டாம்.