லேசர் பிடிக்கும் கைக்குப் பதிவு எண் வேண்டும்

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,



தாலுகா ஊர்க் கடைவீதிகளில்கூட இன்று 'ஸ்கின் கிளினிக்' பலகைகள் தொங்குகின்றன. மாடிப்படி ஏறினால் கெமிக்கல் பீல், லேசர், முகத்தில் ஊசி, வெள்ளையாக்கும் ட்ரிப், கல்யாணப் பெண்ணுக்குத் தனிப் பேக்கேஜ். இவற்றைச் செய்பவர் மருத்துவரா, நான்கு நாள் பயிற்சி எடுத்தவரா என்று வாசலில் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. அதற்காகவே இந்த மடல்.

முகம் தெளிய வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறேதும் இல்லை. பருத்தழும்போடு இளமையைக் கழித்தவருக்கும், பிள்ளைப்பேற்றில் கன்னத்தில் மங்கு படர்ந்தவருக்கும், நெற்றிச் சுருக்கம் உறுத்துகிறவருக்கும் பலன் தரக்கூடிய சிகிச்சைகள் இருக்கின்றன. சீட்டுப் பணம் எடுத்துச் செய்துகொள்கிறவர்களை நாம் கேலி பேசுகிறோம். அந்தக் கேலிக்குப் பயந்துதான் பலர் வீட்டில்கூடச் சொல்லாமல், யாரிடமும் விசாரிக்காமல், முதலில் கண்ணில்பட்ட இடத்துக்குப் போகிறார்கள்.

நம் தோலுக்கென்று ஒரு குணம் உண்டு. மாநிறத் தோலில் சூடு மிஞ்சினாலும் அமிலம் மிஞ்சினாலும் புண் ஆறிய இடம் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். வெளுத்த தோலுக்குரிய அளவில் லேசரை வைத்தால், நம் தோலின் நிறமியே ஒளியை உறிஞ்சி வெந்துபோகும். முடி நீக்க 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை இங்கே மருத்துவர்கள் விரும்புவது அதனால்தான். கிளைகாலிக் அமிலம் 20 சதவீதமாக இருந்தாலும் 70 சதவீதமாக இருந்தாலும் பெயர் ஒன்றே, வேலை வேறு. எத்தனை நிமிடத்தில் அதை முறிப்பது என்பதை எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஃபில்லர் ஊசி ரத்தக்குழாயை அடைத்தால் கண்பார்வையே போகலாம். அதைக் கரைக்கும் மருந்தும், அதைப் போடத் தெரிந்தவரும் அந்த அறையிலேயே இருக்க வேண்டும்.

தகுதியுள்ள தோல் மருத்துவர் கருவியைத் தொடுமுன் கேள்வி கேட்கிறார். பருவுக்கு ஐசோடிரெட்டினோயின் மாத்திரை எடுத்தீர்களா? உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருமா? காயம் பட்டால் தழும்பு மேடிடுமா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? மருந்துக்கடையில் வாங்கி என்ன க்ரீம் பூசுகிறீர்கள்? கடைசிக் கேள்விதான் நம் ஊரில் மிக முக்கியம். 14 ஸ்டீராய்டு மருந்துகள் அடங்கிய க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதி செய்தது. ஆனாலும் சீட்டில்லாமல் வாங்கிப் பூசுவது நிற்கவில்லை. அப்படிப் பூசிப்பூசி மெலிந்து சிவந்த முகத்தில் போய்ப் பீல் போடுவது கொடுமை. சில சமயம் அந்த மருத்துவர், "இப்போது எதுவும் வேண்டாம், சன்ஸ்கிரீன் மட்டும் போடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார். இத்தனை சிட்டிங் விற்றாக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கும் இடத்தில் இந்தப் பதில் கிடைக்காது.

ரத்தம் எடுத்து முகத்தில் செலுத்தும் சிகிச்சையை உரிமமில்லாத ஸ்பாவில் செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்தது. 2024இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே அதை வெளியிட்டது. அதே சிகிச்சை நம் கடைவீதிகளிலும் விற்பனையில் இருக்கிறது.

புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை ஐயா. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன்கீழ் வந்த 2018 விதிகளும் உங்கள் கையில் இருக்கின்றன. யூடியூப் பார்த்துக் கற்றது அழகியல் சிகிச்சைக்குப் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2002இலிருந்து இருக்கிறது.

லேசர், ஊசி, வீரியமான பீல் இவற்றில் எது நடக்கும் இடமானாலும், பலகையில் என்ன பெயர் இருந்தாலும், அது 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாக வேண்டும். மாவட்ட இணை இயக்குநர்கள் சோதனைக்குப் போகும்போது பலகையில் பெயருள்ள மருத்துவர் உள்ளே இருக்கிறாரா, பெயரை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறாரா என்று பார்க்கட்டும். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடைகளில் இறங்கி அழகுசாதனப் பொருள்களைச் சோதித்தது, நம்மாலும் முடியும். ஆனால் த்ரெட்டிங்கும் ஃபேஷியலும் செய்து பிழைக்கும் பெண்களின் பார்லர்களை இந்தச் சாக்கில் அலைக்கழிக்க வேண்டாம். அவர்கள் மேல் எந்தப் புகாரும் இல்லை.

சிகிச்சையில் முகம் வெந்தவர்கள் அவமானத்தால் வெளியே சொல்வதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளில் அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பதோடு, எங்கே யார் செய்தது என்று எழுதி உங்களுக்கு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். 104 எண்ணை அழைத்துப் பலகையில் உள்ள பதிவு எண்ணைச் சொன்னால், அது யாருடையது, என்ன படிப்பு, இன்றும் செல்லுமா என்று தமிழில் பதில் வர வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே, மாடிப்படியில் நின்றுகொண்டே ஒரு பெண்ணால் அதைக் கேட்டறிய முடிய வேண்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர்