ஒரு சரம் வெடிகூடவா இல்லை?

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை இரவு. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி இறுதி ஆட்டம். இடைவேளையில் மலேசியா 3, இந்தியா 1. சொந்த மண்ணில் தோற்றுவிடுவோமோ என்று அடிவயிறு கலங்கிப்போனது. 45-ஆம் நிமிடம் வந்தது. ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒன்று அடித்தார். அதே நிமிடத்தில் குர்ஜந்த் சிங் இன்னொன்று. 56-ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்தது நாலாவது. 4-3. நான்காவது முறையாகக் கோப்பை நம் கைக்கு வந்தது. ஸ்டேடியம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

கோவை சரவணம்பட்டியில் எங்கள் தெருவில் நானும் என் மகளும் கத்திய சத்தம்தான் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் திறந்து, "என்னாச்சுங்க, யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டார். இந்தியா ஜெயித்துவிட்டது என்றேன். "இன்னைக்கு மேட்ச் இருந்துச்சுங்களா?" என்றார். ஹாக்கி என்றேன். "அட, அதுங்களா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பரிவோடு ஓடிவந்து கேட்டவர் அவர் ஒருவர்தான்.

என் ஆதங்கம் ஊர் மேல். இதே ஊர் 2024 ஜூன் 29 இரவு இருபது ஓவர் உலகக் கோப்பைக்காகத் தூங்காமல் கிடந்தது. சத்தி ரோட்டில் பைக்குகள் கொடியோடு போயின, நடுராத்திரிக்கு மேலும் வெடி வெடித்தது. நானும் பால்கனியில் நின்று கை தட்டினேன். கிரிக்கெட்டைக் குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கியில் ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினோம். ஸ்ரீஜேஷ் என்ற மகத்தான கோல் கீப்பர் அன்றோடு விடைபெற்றார். அன்றைக்கும் இங்கே ஒரு சரம் வெடி இல்லை. ஒலிம்பிக் பதக்கத்துக்கே இல்லையென்றால் வேறு எதற்குத்தான் இருக்கும்?

வெடிதான் முக்கியமா என்று கேட்பார்கள். எனக்கு முக்கியம். என் மகள் அவளுடைய பள்ளி ஹாக்கி அணியில் லெஃப்ட் ஹாஃப் ஆடுகிறாள். தான் ஆடும் ஆட்டம் உலகத்தில் உண்டு, அதைப் பெரியவர்கள் மதிக்கிறார்கள் என்று ஒரு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பாடப்புத்தகம் சொல்லாது. தெரு சொல்ல வேண்டும். கிரிக்கெட் ஆடும் பையனுக்குத் தெரு அதைத் தினமும் சொல்கிறது. இவளிடம் அது வாயே திறப்பதில்லை.

போன வருடம் என் மகளின் அணிப் பிள்ளைகள் குறுவட்டப் போட்டியில் ஜெயித்து, வருவாய் மாவட்ட அளவிலும் ஜெயித்தார்கள். கையில் கோப்பை, முழங்காலில் காயம், சீருடையில் செம்மண். டவுன் பஸ்ஸில்தான் திரும்பினார்கள். சரவணம்பட்டி நிறுத்தத்தில் இறங்கியபோது ஒரு பெரியவர் கோப்பையைப் பார்த்து, "என்ன கண்ணு, டான்ஸ் காம்பிடிசனா?" என்றார். பிள்ளைகள் ஹாக்கி என்றார்கள். "அப்படீன்னா?" என்றார். மட்டையைக் காட்டினார்கள். "ஓ, சினிமால அடியாளுக வெச்சிருப்பாங்களே, அதுவா" என்றார். என் மகள் அன்று சாப்பிடாமல் படுத்தாள்.

மறுவாரம் பாராட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தோம். மேலே தலைவர்கள், நடுவில் நிர்வாகத்தார், கீழே வாழ்த்துச் சொல்பவர்கள் வரிசை. விளையாடிய பிள்ளைகளின் படம் இல்லை. பேராவது இருக்கிறதா என்று தேடினோம். அதுவும் இல்லை. கோல் காத்த பிள்ளையின் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். அரைநாள் லீவு போட்டு மகள் படத்தைப் போனில் எடுக்க வந்திருந்தார். அவர் அங்கே நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த நோய் இன்றைக்கு வந்ததில்லை. 2007 செப்டம்பர் 9, அதே எழும்பூர் ஸ்டேடியம். ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 7-2 என்று நொறுக்கியது இந்தியா. ஏழு கோல்! பதினைந்தே நாளில், செப்டம்பர் 24 அன்று, ஜோகன்னஸ்பர்க்கில் தோனியின் அணி முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. 26-ஆம் தேதி மும்பையில் திறந்த பஸ்ஸில் ஊர்வலம், சாலை நிறைய ஜனம், மாநில அரசுகள் போட்டி போட்டுப் பரிசு அறிவித்தன. சென்னையில் கோப்பை வாங்கியவர்களைக் கேட்க நாதியில்லை. பயிற்சியாளர் ஜோக்விம் கார்வாலோவும் விக்ரம் காந்த், ரகுநாத், சுனில், இக்னேஸ் திர்க்கி போன்ற வீரர்களும் பெங்களூரில் முதலமைச்சர் வீட்டுக்கு முன்னால் உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஆசியாவையே ஜெயித்துவிட்டு வந்தவர்கள், எங்களையும் கொஞ்சம் கவனியுங்கள் என்று பட்டினி கிடக்கத் துணிகிறார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது என் மகள் பிறந்திருக்கவில்லை. இப்போது அவளுக்கு அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிறேன்.

அடுத்த மார்ச் மாதம் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல் தடவையாக ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா இல்லாமல் போனது. அப்போது மட்டும் எல்லோருக்கும் ஹாக்கி ஞாபகம் வந்தது. தேசிய விளையாட்டு நாசமாகிவிட்டதே என்று தலையங்கம் தலையங்கமாக எழுதினார்கள். ஜெயித்தபோது எங்கே போயிருந்தீர்கள்?

தமிழனுக்கும் ஹாக்கிக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியா ஹாக்கியில் கடைசியாக வாங்கிய ஒலிம்பிக் தங்கம் 1980 மாஸ்கோவில். அந்த அணியின் கேப்டன் நம் வாசுதேவன் பாஸ்கரன். 1975-இல் கோலாலம்பூரில் நாம் வாங்கிய ஒரே உலகக் கோப்பை அணியில் வி.ஜே.பிலிப்ஸ் இருந்தார். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் முப்பத்திரண்டு வருடம் கழித்துத் தங்கம் வாங்கித் தந்த கேப்டன் தன்ராஜ் பிள்ளை, புனே பக்கத்து கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ஆடம் சின்க்ளேர் கோயம்புத்தூரில் பிறந்தவர். எங்கள் அடுக்குமாடியில் கோவையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன். அந்தப் பேரை ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லை.

கோவில்பட்டியில் கேட்டால் கதை வேறு. கோவை அளவில் ஒரு மூலைக்கு வராத ஊர், தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் செய்கிற ஊர். ஆனால் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி அங்கே நடக்கிறது, செயற்கைப் புல்தரை இருக்கிறது. மாரீஸ்வரனும் கார்த்தியும் அங்கே பயிற்சி எடுத்துத்தான் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டார்கள். கார்த்தி செல்வம் அரியலூர்ப் பையன். 2023-இல் சென்னையில் ஜப்பானை 5-0 என்று ஜெயித்த அரையிறுதியில் ஒரு கோல் அவருடையது. ஸ்டேடியம் அவர் பேரைச் சொல்லிக் கூவியது. ஊர் கொண்டாடினால் பிள்ளை வரும், பிள்ளை வந்தால் ஊர் இன்னும் கொண்டாடும். சின்ன ஊரால் ஆனது பெரிய ஊரால் ஏன் ஆகவில்லை?

இடம் இல்லை என்பார்கள். ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். நம் கணக்கில் ஏறத்தாழ 124 சென்ட், ஒன்றேகால் ஏக்கர். சரவணம்பட்டியில் சென்ட் விலை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். 2011-இல் மாநகராட்சியோடு சேரும்வரை இது பேரூராட்சி. ஐ.டி. கம்பெனிகளும் காலேஜ்களும் மாலும் வந்தன, சோளக்காடாகக் கிடந்ததெல்லாம் சைட்டாகி அடுக்குமாடி ஆனது. அதில் தப்பில்லை, அந்த வேலையை நம்பித்தான் நாங்களும் இங்கே வந்தோம். ஆனால் பெரிய லேஅவுட் போடுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு விட வேண்டும் என்பது சட்டம். அதைத்தான் ரிசர்வ் சைட் என்கிறோம். அத்தனை லேஅவுட்டிலும் விட்ட இடமெல்லாம் எங்கே போனது? ஒன்றில் கம்பி வேலியும் பூட்டும். ஒன்றில் கட்டட இடிபாடு. ஒன்றில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். எங்கள் பகுதியில் பிள்ளைகள் ஓடுகிற மாதிரி இருக்கும் ஒரே இடத்துக்கும் பூட்டு. உள்ளே சீமைக்கருவேலம் ஆள் உயரம் நிற்கிறது.

ஆர்.எஸ்.புரத்து மாநகராட்சிப் பள்ளி வளாகத்தில் ஹாக்கிக்கென்று செயற்கைப் புல்தரை போடும் வேலையை 2025-இல் கையில் எடுத்தார்கள். கேள்விப்பட்ட அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தேன். நல்ல காரியம், செய்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது 1976 மான்ட்ரியலில். பழக்கமில்லாத தரையில் நாம் அந்த வருடம் ஏழாம் இடத்துக்கு விழுந்தோம். மண்ணில் பந்து குதிக்கும், நிதானமாக வரும். டர்ஃபில் அம்பு மாதிரி வரும், மட்டையை வைக்கும் கோணமே வேறு. மண்ணில் பழகிய பிள்ளை டர்ஃபில் இறங்கினால் முதல் பத்து நிமிடம் பந்து எங்கே என்று தேடும். இது தெரிந்தும் இத்தனை பெரிய நகரத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

சரவணம்பட்டியிலிருந்து ஆர்.எஸ்.புரம் போவது லேசான காரியமும் இல்லை. சத்தி ரோட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கணபதி தாண்டி, டெக்ஸ்டூல் பாலம் தாண்டி, காந்திபுரத்தில் பஸ் மாறி, மட்டைப் பையோடு ஒரு பெண் பிள்ளை போய்விட்டு எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள்? கண்டக்டர் மட்டையைப் பார்த்ததும் பின்னால் போகச் சொல்கிறார். "பரிச்சைக்குப் படிக்காம இது எதுக்குங்க?" என்று பக்கத்து சீட்டில் கேட்கிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு, ரயில்வேயில் ஹாக்கிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நானும் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லும்போதே எனக்கு ஆத்திரமாக வரும். வேலை கிடைக்கும் என்று நிரூபித்தால்தான் ஒரு குழந்தை ஓடலாமா? பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார், ஒரு பெற்றோரும் கேட்பதில்லை. கணக்குப் பீரியடை ஹாக்கிக்குக் கொடுத்தால் மறுநாள் வாசலில் கூட்டம் நிற்கும்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் உலகக் கோப்பை தமிழ்நாட்டில் நடந்தது. இருபத்துநான்கு நாடுகள். ஆட்டங்கள் சென்னையிலும் மதுரையிலும். போட்டியின் சின்னத்துக்குப் பேர் காங்கேயன். எங்கள் காங்கேயம் காளை! பார்த்ததும் பெருமையாகத்தான் இருந்தது. காளை கொங்கு நாட்டுக் காளை, ஆட்டம் ஒன்றுகூடக் கொங்கு நாட்டில் இல்லை. உலகத்தரத்தில் ஆட இங்கே இடம் தயாராக இருந்திருந்தால் கேட்டிருக்கலாம், இல்லாதபோது எந்த வாயால் கேட்பது? வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நம் பையன்கள் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் நாலு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தார்கள். பயிற்சியாளர் அதே ஸ்ரீஜேஷ். இருபது இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் அழுதுகொண்டே கட்டிப்பிடித்ததை நானும் மகளும் போனில் பார்த்தோம். பேக்கரியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சீரியல். மாற்றச் சொன்னேன். "இது எந்தச் சேனல்ல வருதுங்க?" என்றார் கடைக்காரத் தம்பி. அவர் கேட்டது நியாயமான கேள்வி. யாரும் அவரிடம் இதுவரை கேட்டிருக்கவில்லை.

2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக் கோப்பை. ராஜ்கிர் ஆசியக் கோப்பையில் கொரியாவை 4-1 என்று ஜெயித்து இந்திய ஆண்கள் அணி தகுதி பெற்றிருக்கிறது. அந்த வாரங்களில் டிவியைத் திருப்புங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிவருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒன்றேகால் ஏக்கர் கேட்கவில்லை, டர்ஃப் கேட்கவில்லை, விளக்குக் கம்பம்கூடக் கேட்கவில்லை. அந்த ரிசர்வ் சைட்டின் பூட்டைத் திறந்து விடுங்கள். சீமைக்கருவேலத்தை நாங்களே வெட்டிக்கொள்கிறோம், லேத் பட்டறை அப்பா கோல் போஸ்ட் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மனு கொடுத்தாயிற்று. போகிற அலுவலகத்தில் எல்லாம் சாவி எங்களிடம் இல்லை என்கிறார்கள். யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், நாங்கள் போய் வாங்கிக்கொள்கிறோம்.