மயிரிழையில் கூலி, மயிரிழையில் விலை

மயிரிழை என்று பேச்சுக்குச் சொல்லுவோம். வைரத் தொழிலில் அது பேச்சல்ல, கணக்கு.

பட்டை தீட்டிய வைரத்தின் மேற்பாகமும் அடிப்பாகமும் சேரும் இடத்தில், சுற்றிலும் ஒரு விளிம்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குக் கர்டில் என்று பெயர். சூரத்துப் பட்டறைகளில் கந்தோரோ என்கிறார்கள். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் அரைஞாண். குழந்தையின் இடுப்பில் கட்டுகிறோமே, அதேதான். கல்லின் இடுப்பில் உள்ள இந்த அரைஞாண் எவ்வளவு தடிமன் என்பதை இன்று கம்ப்யூட்டர் அளந்து சொல்கிறது. கல்லின் விலையும், அதைத் தீட்டியவரின் கூலியும் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே அந்த எண் எப்படி வருகிறது, அதை யார் சரிபார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மும்பைத் தமிழனுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாரத் வைரச் சந்தை, நம்மவர்கள் நிறைந்த தாராவியிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கத்து ஆபீஸ்களை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. அந்தத் தொழிலோடு சம்பந்தமே இல்லாதவருக்கும், பெண்ணுக்கு ஒரு வைர மூக்குத்தியாவது வாங்க வேண்டிய நாள் வருகிறது. உழைக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான்.

நான்கு சென்ட் ரகசியம்

அரைஞாண் மிக மெல்லியதாக இருந்தால் கத்தி முனை போலாகிவிடும். நகையில் கல்லைப் பதிக்கும்போது, பத்தர் கம்பியை மடக்கும் அழுத்தத்திலேயே விளிம்பு சிதறலாம். வைரம் கடினமானது என்பதால் உடையாது என்று எண்ணிவிடக் கூடாது.

மிகத் தடித்திருந்தால் நஷ்டம் வேறு வகை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம்; அதாவது 100 சென்ட். ஒரு காரட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர். அந்தக் குறுக்களவில் நூற்றுக்கு எத்தனை என்றுதான் அரைஞாணைக் குறிப்பிடுகிறார்கள். 3 சதவீதம் என்றால் 0.2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதில் ஒரே ஒரு சதவீதம் கூடட்டும். மேலிருந்து பார்த்தால் கல் கொஞ்சமும் பெரிதாகத் தெரியாது. எடையோ ஏறத்தாழ 4 சென்ட் ஏறிவிடும். 96 சென்ட் கல், முழுக் காரட் கல் என்று பெயர் வாங்கிவிடும். முழுக் காரட்டைத் தொட்டதும் விலை தாவும் என்பது சந்தை அறிந்த விஷயம். அந்த விலையைக் கொடுப்பவர் வாங்குகிறவர். அவர் காசு கொடுத்த கூடுதல் எடை, தங்கத்துக்குள் மறைந்து கிடக்கும்.

நிழலை அளக்கும் கருவி

முன்பெல்லாம் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மெல்லிசு, நடுத்தரம், தடிப்பு என்று சொல்வார்கள். சொல்பவர் முதலாளியின் ஆள். அவர் சொன்னதே தீர்ப்பு. இப்போது இஸ்ரேல் நாட்டு ஸாரின் போன்ற கம்பெனிகளின் கருவிகள் வந்துவிட்டன.

கல்லை நன்றாகத் துடைத்து ஒரு சிறு மேடையில் கவிழ்த்து வைக்கிறார்கள். பின்னால் விளக்கு, முன்னால் காமிரா. மேடை சுற்றச் சுற்ற, கல்லின் நிழலுரு படம் படமாக விழுகிறது. ஸாப்ட்வேர் அந்த நிழல்களைச் சேர்த்துக் கல்லின் முழு உருவத்தைத் திரையில் கட்டுகிறது. பட்டைகளின் கோணம், உயரம், அரைஞாணின் தடிமன் எல்லாம் சில விநாடிகளில் எண்ணாக வந்துவிடுகின்றன.

மெச்ச வேண்டிய வேலைதான். ஆனால் நிழலை அளப்பதால் அதற்கே உரிய குறைகளும் உண்டு. விளிம்பில் தூசியோ எண்ணெய்ப் பசையோ ஒட்டியிருந்தால், அதையும் வைரம் என்றே எண்ணும். உள்வாங்கிய சிறு பள்ளம் இருந்தால் நிழலில் தெரியாது. மேலும், வட்டக் கல்லின் அரைஞாண் நாடாவைப் போல ஒரே அகலம் உடையதல்ல. அலை போல 16 இடத்தில் அகன்றும் 16 இடத்தில் குறுகியும் போகிறது. எந்த இடத்தை அளப்பது என்பதைப் பொறுத்து எண் மாறும். ஜி.ஐ.ஏ. என்னும் அமெரிக்க ரத்தின நிலையம், அகன்ற இடங்களில் எட்டை அளந்து சராசரிச் சதவீதம் தருகிறது. மெல்லியதா தடித்ததா என்ற சொல்லையோ குறுகிய இடங்களைப் பார்த்துத் தருகிறது. அந்தச் சதவீதத்தையும் அரை சதவீதக் கணக்கில்தான் அச்சிடுகிறது.

இதைக் கூலிக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். பத்து சென்ட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 3 மில்லிமீட்டர். அதில் 0.1 சதவீதம் என்பது 0.003 மில்லிமீட்டர். தலைமுடியின் கனத்தை இருபது கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவுதான் இருக்கும். பேர் பெற்ற பரிசோதனை நிலையமே அரை சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும்போது, திரையில் தெரிகிற கடைசிப் புள்ளியை வைத்து ஒருவருடைய கூலியில் கை வைத்தால், அதற்கு அளவு என்று பெயரில்லை. அக்கிரமம் என்றுதான் பெயர்.

மெஷின் யாருக்கு?

மெஷினே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கண்ணால் பார்த்துச் சொன்ன காலத்தில் தொழிலாளி வாதாட வழியே இல்லை. எண் என்று ஒன்று வந்துவிட்டால், எங்கே காட்டு, மறுபடி அள என்று கேட்கலாம். ஆனால் எண் முதலாளியின் திரையில் மட்டும் இருந்தால், பழைய தீர்ப்பே புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

காய்கறிக் கடைத் தராசுக்குக்கூட அரசு முத்திரை வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஒப்படைத்த பொருளுக்குச் சேதம் என்று சம்பளத்தில் பிடிப்பதானால், தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம் என்று 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. இந்த நியாயம் வைரப் பட்டறைக்குள்ளும் நுழைய வேண்டும்.

கேட்பது பெரிதல்ல. அளவு தெரிந்த ஒரு மாதிரிக் கல்லை வைத்து ஒவ்வொரு நாளும் கருவியைச் சோதிக்க வேண்டும். சராசரியோடு, மிகக் குறைந்த அளவையும் மிகக் கூடிய அளவையும் சீட்டில் அச்சிட்டுத் தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும். கருவியின் பிழை எல்லை எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். அந்த எல்லைக்குள் அடங்கும் வித்தியாசத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. தகராறு வந்தால், கல்லைக் கழுவி வேறொரு கருவியில் இரண்டாம் முறை அளக்க வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை சென்ட் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர், அரைஞாண் எந்த வகை என்றும் கேளுங்கள். ‘மெல்லியது’ முதல் ‘சற்றே தடித்தது’ வரை என்றால் கவலையில்லை. ‘மிகத் தடித்தது’ என்றிருந்தால், கண்ணுக்குத் தெரியாத எடைக்குக் காசு கேட்கிறார்கள் என்று அர்த்தம். ‘மிக மிக மெல்லியது’ என்றால் நகை செய்கிற பத்தரை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்.

படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகளும் இதைக் கவனிக்கலாம். இந்தக் கருவியை இயக்குவது மந்திரமல்ல. கணக்கும் கவனமும் உள்ள எந்தக் குமாஸ்தாவும் கற்றுக்கொள்ளக் கூடியது.

கம்ப்யூட்டர் பொய் சொல்வதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அது சொன்னதில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை மனிதர்களே முடிவு செய்கிறார்கள். வைரத்தின் அரைஞாணை அளப்பவர்கள், அளக்கிற கருவியையும் அளந்து காட்டட்டும். பிறகு கூலியைப் பற்றிப் பேசலாம்.